டன்னுக்கு எத்தனை கிராம்

கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இயந்திரங்களோடு தோண்டத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் நூற்றிருபது ஆண்டுகள் நடந்த வேலை. ஊரிகம், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், மைசூர் என்று எந்தச் சுரங்கமானாலும் அதன் தலையெழுத்தை நிர்ணயித்ததில் ஓர் எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு: ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் தங்கம். தொடக்க ஆண்டுகளில் அது பல பத்துக் கிராம்களாக இருந்தது. மூடும் காலத்தில் சில கிராம்களுக்கு இறங்கிவிட்டது. 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் அந்தச் சில கிராம்களை மேலே கொண்டுவரும் செலவு கட்டுப்படியாகவில்லை.

அந்த எண்ணைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். டன்னுக்கு 5 கிராம் என்று சொன்னால், முன்னால் கிடப்பது எவ்வளவு பாறை என்று தெரியாது. 2 டன்னில் 10 கிராம் இருக்கலாம், 10 டன்னில் 50 கிராம் இருக்கலாம், 400 டன்னில் 2 கிலோ இருக்கலாம். அளவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத குவியல்கள்; ஆனாலும் தரத்தைக் கேட்கிறவருக்கு அவை எல்லாம் ஒன்றே. எடையைப் பார்க்காமல் விட்டால்தான் தரம் என்ற ஒன்று கண்ணுக்குப் படுகிறது.

பள்ளிக் கணிதத்தில் இந்தச் செயலுக்குச் சமானத் தொடர்பு என்று பெயர். கர்நாடகத்தில் இரண்டாம் பி.யு.சி.யிலும், தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பிலும் கணக்குப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே அது வருகிறது. மூன்று நிபந்தனைகள். ஒவ்வொரு பொருளும் தன்னோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், அது தற்சுட்டு. முதலாவது இரண்டாவதோடு தொடர்புடையதானால் இரண்டாவதும் முதலாவதோடு அவ்வாறே, அது சமச்சீர். முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் தொடர்புடையனவானால், முதலாவதும் மூன்றாவதும் தொடர்புடையவை, அது கடப்பு. மூன்றும் பொருந்தினால், கணத்தில் உள்ள பொருள்கள் எல்லாம் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்துவிடும். எந்தப் பொருளும் இரண்டு கூட்டங்களில் இராது. எதுவும் கூட்டமில்லாமல் வெளியே நிற்காது. ஒவ்வொரு கூட்டமும் ஒரு சமான வகுப்பு.

பாடம் இதைச் சொல்கிறது. ஆனால் மாணவர் இதை அந்த நாளுக்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பிருந்தே செய்துவந்திருக்கிறார் என்பதைப் பாடம் சொல்வதில்லை. 1/2-ம் 2/4-ம் ஒன்று என்று ஏற்றுக்கொண்ட நாளில் அவர் ஒரு சமானத் தொடர்பைக் கையில் எடுத்துவிட்டார். சர்வசம முக்கோணம், வடிவொத்த முக்கோணம், இணைகோடு, சமன்பாட்டின் அடுத்த வரி, கடிகாரக் கணக்கு என்று அதன் பிறகு வந்த எல்லாவற்றிலும் அதே செயல்தான். கடைசியில் பெயர் வரும்போது, பழகிய ஆளைப் புதியவராக அறிமுகப்படுத்துவது போல் ஆகிவிடுகிறது. மூன்று சொற்களை மனப்பாடம் செய்து, மூன்று வரிகளில் சரிபார்த்து, ஐந்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு மாணவர் நகர்ந்துவிடுகிறார். அந்த அத்தியாயம் தேர்வில் எளிது என்று பெயர் வாங்கியிருப்பதே ஓர் இழப்பு.

பின்னத்திலிருந்தே தொடங்கலாம். தங்கவயல் மக்களுக்கும் நகைக்கடைக்குப் போன எவருக்கும் தெரிந்த எண் 916. 22 காரட் நகையில் பொறிக்கப்படும் முத்திரை அது. காரட் என்பது 24-இல் எத்தனை பங்கு தூய தங்கம் என்ற கணக்கு. 916 என்பது ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. அப்படியானால் 22/24-ம் 916/1000-ம் சமான பின்னங்களா? குறுக்கே பெருக்கிப் பார்த்தால் போதும். 22-ஐ 1000-ஆல் பெருக்கினால் 22,000. 916-ஐ 24-ஆல் பெருக்கினால் 21,984. பதினாறு குறைகிறது. இரண்டும் ஒரே வகுப்பில் இல்லை. 18 காரட்டுக்குப் பொறிக்கப்படும் 750 பிசகில்லாமல் பொருந்தும்: இரு பக்கமும் 18,000. 14 காரட்டுக்குரிய 585-ஐச் சோதித்தால் இந்த முறை 40 கூடுகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை அம்மாவின் வளையலைக் கையில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய கணக்கு இது. சமானம் வேறு, கிட்டத்தட்ட என்பது வேறு என்ற கணிதத்தின் மிகக் கண்டிப்பான பாகுபாடு அதற்குள்ளேயே இருக்கிறது.

இனி, ஆசிரியர்கள் எல்லோரும் சந்தித்த பிழை. 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் பிள்ளைகள் பலர் 2/5 என்று எழுதுவார்கள்: மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே. தப்பு என்று சிவப்பு மையில் அடித்து, பகுதியைச் சமமாக்கு என்று சொல்லிவிட்டு வகுப்பு நகரும். ஏன் தப்பு என்ற கேள்விக்கு வகுப்பில் கிடைக்கும் விடை பெரும்பாலும் விதி அப்படி என்பதுதான்.

சமான வகுப்பு தெரிந்தவருக்கு இன்னும் நல்ல விடை இருக்கிறது. 1/2 என்பது ஒரு பெரிய கூட்டத்தின் ஒரு முகம். 2/4, 3/6, 50/100 எல்லாம் அதே கூட்டம். கூட்டல் என்பது அந்தக் கூட்டத்தின் மேல் செய்யும் செயலானால், எந்த முகத்தை அனுப்பினாலும் ஒரே விடை வந்தாக வேண்டும். பிள்ளையின் முறையில் 1/2-க்குப் பதில் 2/4-ஐ அனுப்பிப் பாருங்கள். 2-ம் 1-ம் 3. 4-ம் 3-ம் 7. விடை 3/7. முன்பு 2/5, இப்போது 3/7, இவை சமானமல்ல. அனுப்பிய ஆளைப் பொறுத்து விடை மாறுகிறது. சரியான முறையில் 1/2-க்குப் பதில் 3/6-ஐயும், 1/3-க்குப் பதில் 4/12-ஐயும் போட்டாலும் 5/6-இன் கூட்டத்துக்குள்தான் விடை விழும். பல்கலைக்கழகக் கணிதத்தில் இந்தச் சோதனை இல்லாமல் ஒரு செயலை வரையறுக்கவே விடமாட்டார்கள். ஆறாம் வகுப்பில் அதைச் செய்துகாட்டத் தேவைப்படுவது ஒரு கரும்பலகையும் பத்து நிமிடமும்.

இதில் இன்னொரு நியாயமும் உண்டு. பிள்ளையின் முறை முட்டாள்தனமானது அல்ல. சுரங்கத்தில் அது அன்றாடம் நடப்பது. 2 டன்னில் 10 கிராம் உள்ள குவியலையும் 1 டன்னில் 3 கிராம் உள்ள குவியலையும் ஒன்றாகக் கொட்டினால் 3 டன்னில் 13 கிராம் கிடைக்கும். மேலே மேலே, கீழே கீழே: அதே கூட்டல். கலவையின் தரம் டன்னுக்கு ஏறக்குறைய 4.3 கிராம். முதல் குவியல் அதே தரத்தோடு 10 டன்னாக இருந்திருந்தால், 11 டன்னில் 53 கிராம், தரம் 4.8-க்குப் போய்விடும். ஐந்து கிராம் தரமும் மூன்று கிராம் தரமும் கலந்தால் என்ன தரம் என்ற கேள்விக்கு விடையே இல்லை. எத்தனை டன் என்று தெரிந்தால்தான் விடை. தரம் என்ற எண்ணை உண்டாக்க எதை மறந்தோமோ, கலக்கும்போது அதையே திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு தேர்வுகளின் சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் பழக்கம் பல நேரம் தவறாகப் போவதற்கும் காரணம் இதுவே.

இயற்கணிதத்துக்கு வந்தால், அங்கே எல்லாச் சமானத் தொடர்புகளுக்கும் மூத்தது நிற்கிறது: சமக்குறி. வேல்ஸில் பிறந்த மருத்துவர் ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் தம் நூலில் இரண்டு இணைகோடுகளைச் சமக்குறியாகப் பயன்படுத்தினார். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான வேறு பொருள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் குறியைப் பிள்ளைகள் அப்படிப் படிக்கிறார்களா? 8 + 4 = □ + 5 என்ற கணக்கை அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேருக்குக் கொடுத்ததில் ஒருவர்கூடக் கட்டத்துக்குள் 7 எழுதவில்லை; எல்லோரும் 12 அல்லது 17 என்றார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வு கணிதக் கல்வி படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளுக்குச் சமக்குறி என்றால் விடையை எழுது என்ற உத்தரவு.

நம் நோட்டுப் புத்தகங்களில் இதன் தடம் வேறு விதமாகத் தெரியும். மூன்றையும் ஐந்தையும் கூட்டி இரண்டால் பெருக்கு என்றால் 3 + 5 = 8 × 2 = 16 என்று ஒரே மூச்சில் எழுதுவது. விடை சரி; எழுதியது பொய். கடப்புப் பண்பை அந்த வரியின் மேல் வைத்துப் பார்த்தால் 8-ம் 16-ம் சமம் என்று ஆகிவிடும். கடப்பு என்ற பெயரைச் சொல்லாமலே, முதலில் நிற்பதும் கடைசியில் நிற்பதும் சமமா என்று ஒரு கேள்வி கேட்டால் பிள்ளையே பிழையைக் கண்டுபிடித்துவிடும்.

சமன்பாடு தீர்ப்பதும் ஒரு வகுப்புக்குள்ளேயே நடக்கும் பயணம். ஓர் எண்ணை இரட்டித்து 6 கூட்டினால் 10. அந்த எண்ணோடு 3 கூட்டினால் 5. அந்த எண் 2. மூன்று வாக்கியங்கள், ஒரே தீர்வு, அதனால் ஒரே வகுப்பு. ஒவ்வொரு வரியிலிருந்தும் திரும்பி வர முடிகிறது. ஓர் எண் 3 என்பதிலிருந்து அதன் வர்க்கம் 9 என்று போகலாம். திரும்பி வரும்போது வழியில் −3-ம் சேர்ந்துகொள்கிறது. சமச்சீர் அங்கே உடைந்துவிட்டது. வர்க்கமூலச் சமன்பாட்டைத் தீர்த்த பிறகு விடையைச் சரிபார் என்று ஆசிரியர் வற்புறுத்துவதற்குப் பின்னால் இருப்பது இந்த உடைப்பு.

வடிவியலுக்கு ஊரிகத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. சுரங்கவியல் பட்டயம் கற்றுத்தரும் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் அங்கேதான் இருக்கிறது. நில அளவையின் மிகச் சிக்கலான கேள்வி ஒன்று சுரங்க வாயிலில்தான் பிறக்கிறது. மேலே வடக்கு எது என்று தெரியும். கீழே, இருட்டில், பாறைக்குள் சுரங்கப்பாதை வெட்டுகிறவருக்கு அந்த வடக்கை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டி வரும் பாதைகள் சந்திக்க வேண்டுமே. உலகெங்கும் சுரங்க அளவையாளர்கள் கைக்கொண்ட பழைய வழி இது: சாஃப்ட் என்ற செங்குத்துக் குழிக்குள் சில மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பிகளைத் தொங்கவிடுவார்கள். அடியில் கனமான குண்டு. ஆட்டம் நிற்க அந்தக் குண்டு எண்ணெயிலோ நீரிலோ அமிழ்ந்திருக்கும். மேலே இரண்டு கம்பிகளையும் இணைக்கும் கோட்டின் திசையை அளந்துகொள்வார்கள். கீழே அதே கம்பிகளைத் தியோடலைட்டால் பார்ப்பார்கள். மேலே உள்ள கோடும் கீழே உள்ள கோடும் வெவ்வேறு இடத்தில் உள்ள வெவ்வேறு கோடுகள், ஆனால் இணையானவை. கோட்டைக் கீழே கொண்டுபோக முடியாது, அதன் திசையைக் கொண்டுபோக முடியும். ஒன்றுக்கொன்று இணையான கோடுகள் எல்லாம் சேர்ந்த சமான வகுப்பைத்தான் திசை என்கிறோம்.

பூமி உருண்டை என்பதால் தொங்கும் கம்பிகள் மையத்தை நோக்கி மிகச் சிறிதளவு நெருங்கும். ஆயிரம் மீட்டர் தள்ளி இரண்டு தூக்குநூல்களைச் சாம்பியன் ரீஃபின் ஆழமான 3.2 கிலோமீட்டருக்கு விட முடிந்தால், அடியில் இடைவெளி சுமார் அரை மீட்டர் குறைந்திருக்கும். 3 மீட்டர் இடைவெளிக்கு அது ஒன்றரை மில்லிமீட்டர். நீளம் சுருங்குகிறது, இணைக்கும் கோட்டின் திசை மாறவில்லை. எது மாறினாலும் எது மாறாமல் நிற்கிறது என்பதைத்தான் அளவையாளர் நம்பியிருக்கிறார்.

இந்த இடத்தில் பாடநூல் ஒன்றுக்குள் ஒன்று முட்டிக்கொள்கிறது. கீழ்வகுப்புகளில் இணைகோடு என்றால் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத கோடுகள். பன்னிரண்டாம் வகுப்பின் என்.சி.இ.ஆர்.டி. நூலில், ஒரு தளத்திலுள்ள கோடுகளின் கணத்தில் இணையாக இருத்தல் ஒரு சமானத் தொடர்பு என்று நிறுவச் சொல்லும் பயிற்சிக் கணக்கு இருக்கிறது. பழைய வரையறையை நம்பிய மாணவர், ஒரு கோடு தன்னையே எல்லாப் புள்ளிகளிலும் சந்திக்கிறதே, அது தனக்கு எப்படி இணையாகும் என்று கேட்டால், அவர் சொல்வது சரி. அதோடு கடப்பும் போய்விடும்: முதல் கோடு இரண்டாவதற்கு இணை, இரண்டாவது முதலாவதற்கு இணை, ஆகவே முதலாவது தனக்கே இணை என்று வந்து நிற்கும். யூக்ளிடும் சந்திக்காதவை என்றுதான் வரையறுத்தார். ஒரே கோட்டுக்கு இணையானவை தமக்குள் இணையானவை என்று நிறுவியபோது வெவ்வேறு கோடுகளை மட்டுமே மனத்தில் வைத்திருந்தார். சந்திக்காதவை அல்லது ஒன்றேயானவை என்று வரையறையைத் திருத்திக்கொண்டால் சிக்கல் தீரும். அந்தத் திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்று வகுப்பில் அரை மணி நேரம் விவாதித்தால், தற்சுட்டு என்ற நிபந்தனை ஒரு சடங்கு அல்ல என்று மாணவருக்குப் புரிந்துவிடும். அதைத் தாண்டிச் செல்வது பெரிய வாய்ப்பை விடுவது.

முக்கோணங்களில் கதை இன்னும் எளிது. சர்வசமம் என்றால் இடத்தையும் திருப்பத்தையும் பார்க்காமல் விடுகிறோம். வடிவொப்பு என்றால் அளவையும் சேர்த்து விட்டுவிடுகிறோம். விடுவது கூடக் கூட வகுப்புகள் பெரிதாகின்றன, பல வகுப்புகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. பரப்பு எவ்வளவு என்ற கேள்விக்குச் சர்வசம வகுப்பு விடை சொல்லும், வடிவொத்த வகுப்பு சொல்லாது. கோணம் எவ்வளவு என்றால் இரண்டும் சொல்லும்.

மூன்று நிபந்தனைகளில் உண்மையிலேயே கடினமானது கடப்பு. பொற்கொல்லரின் உரைகல்லை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு தங்கத் துண்டுகளைக் கல்லில் உரசி, கோடுகளின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுகிறார். முதல் துண்டுக்கும் இரண்டாவதற்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தெரியவில்லை. முதலாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடலாம். வேறுபாடு தெரியாமை சமானத் தொடர்பு அல்ல. பிரெஞ்சுக் கணிதர் ஆன்றி புவன்காரே 1902-இல் வெளியிட்ட நூலில் இதையே எடைகளை வைத்துச் சொன்னார்: 10 கிராமும் 11 கிராமும் கைக்கு ஒன்றுபோலத் தோன்றும், 11-ம் 12-ம் அப்படியே, 10-ம் 12-ம் வேறாகத் தெரியும். புலன்களின் உலகத்திலிருந்து எண்களின் உலகத்துக்கு நாம் ஏன் போக வேண்டியிருந்தது என்பதற்கு அவர் காட்டிய காரணங்களில் அது ஒன்று. இப்படிப் பொருந்தாத எடுத்துக்காட்டுகளைக் காட்டாமல் பொருந்துபவற்றை மட்டும் சரிபார்க்கச் சொல்வதால்தான் பாடம் உயிரில்லாமல் கிடக்கிறது.

எண்களில் இந்த எண்ணத்தை வெளிப்படையாகக் கையாண்டவர் ஜெர்மானியக் கணிதர் காவுஸ். 1801-இல் வந்த அவருடைய எண்கணித நூல், ஓர் எண்ணால் வகுத்தால் ஒரே மீதி தரும் எண்களை மூன்று கோடுகள் கொண்ட குறியால் இணைத்தது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பின் மட்டு எண்கணிதம் அங்கிருந்து வருகிறது. 5-ஆல் வகுத்தால் 4 மீதி வரும் எண்களின் வகுப்பை எடுத்துக்கொண்டு கும்பகோணத்து ராமானுஜன் 1919-இல் கண்டது வியப்பானது: 4, 9, 14 என்று அந்த வகுப்பிலுள்ள எந்த எண்ணையும் மிகை முழு எண்களின் கூட்டலாக, வரிசையைப் பொருட்படுத்தாமல், பிரித்து எழுதும் வழிகளின் எண்ணிக்கை 5-ஆல் மீதியின்றி வகுபடும். 4-க்கு 5 வழிகள், 9-க்கு 30, 14-க்கு 135. தனித்தனி எண்களில் தெரியாத ஒழுங்கு வகுப்பில் தெரிந்தது.

இதையெல்லாம் சிறு வயதிலேயே பெயரோடும் வரையறையோடும் கற்பிக்கலாம் என்று உலகம் ஒருமுறை முயன்றது. 1957-இல் சோவியத் ஸ்புட்னிக் விண்ணுக்குப் போன பிறகு, அமெரிக்காவும் ஐரோப்பாவும் பள்ளிக் கணிதத்தைக் கணங்களின் மேல் மறுபடி கட்டத் துணிந்தன. பெல்ஜியத்தின் ஜார்ஜ் பாப்பி 1963 முதல் வெளியிட்ட நூல்களில் தொடர்புகளை வண்ண அம்புகளால் வரைந்தார்: தற்சுட்டுக்குத் தன்னிடமே திரும்பும் வளையம், சமச்சீருக்கு எதிர் அம்பு, கடப்புக்குக் குறுக்குவழி அம்பு. அந்தப் படங்கள் அழகானவை, இன்றும் வகுப்பில் பயன்படும். பிரான்சில் திசையன் என்பதையே, புள்ளி இணைகளின் சமான வகுப்பு என்று வரையறுத்துத் தொடங்கினார்கள். அம்பைப் பார்க்காத பிள்ளைக்கு வகுப்பைக் கொடுத்தால் அதற்கு என்ன புரியும்? நெதர்லாந்தின் ஹான்ஸ் பிராய்டென்தால் இதைக் கடுமையாக எதிர்த்தார்; மனிதர்கள் நீண்ட உழைப்பின் முடிவில் வந்து சேர்ந்த இடத்தைக் குழந்தைக்குத் தொடக்கமாகக் கொடுப்பது கற்பித்தலைத் தலைகீழாக்குவது என்பது அவர் வாதம். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த முயற்சி தோற்றபின் பாடநூல்கள் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டன: பின்னம் ஒரு வகுப்பில், முக்கோணம் ஒரு வகுப்பில், மட்டு எண் ஒரு வகுப்பில், வரையறை தனியே இன்னொரு வகுப்பில், இவற்றுக்கிடையே பாலமே இல்லாமல்.

பாலம் கட்டப் புதிய பாடம் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்தே இரண்டு கேள்விகள் போதும்: இவற்றை ஒன்று என்று சொல்ல எதைப் பார்க்காமல் விடுகிறோம்? வேறு ஆளை அனுப்பினால் விடை மாறுமா? பின்னத்திலும் கேட்கலாம், முக்கோணத்திலும் கேட்கலாம். ஐந்தாண்டுகள் இவற்றைக் கேட்டுப் பழகியவருக்கு மூன்று நிபந்தனைகளும் தாமே கண்டுபிடித்தவை போலத் தோன்றும்.

தேர்வுக்கும் அது உதவும். என்.சி.இ.ஆர்.டி. நூலின் அதே அத்தியாயத்தில் ஒரு கேள்வி உண்டு: 1, 2, 3 என்ற மூன்று எண்களில், 1-ஐயும் 2-ஐயும் தொடர்புபடுத்தும் சமானத் தொடர்புகள் எத்தனை? வரிசைச் சோடிகளை எழுதி எழுதிச் சரிபார்ப்பவர் ஒரு பக்கத்தை நிரப்புவார். கூட்டங்களாகப் பார்ப்பவருக்கு 1-ம் 2-ம் எப்படியும் ஒரே கூட்டம். 3 அதோடு சேரலாம், தனியே நிற்கலாம். விடை 2. தங்கவயலின் நான்கு சுரங்கங்களை வைத்து இதையே பெரிதாக்கலாம். நான்கையும் ஒரே கூட்டமாக வைக்க 1 வழி; மூன்றும் ஒன்றுமாக 4; இரண்டும் இரண்டுமாக 3; ஒரு சோடியும் இரண்டு தனிகளுமாக 6; எல்லாம் தனித்தனியாக 1. மொத்தம் 15 சமானத் தொடர்புகள். அவற்றில் ஊரிகமும் சாம்பியன் ரீஃபும் ஒரே கூட்டத்தில் இருப்பவை எத்தனை என்றால், அந்த இரண்டையும் ஒட்டி ஒன்றாக எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். ஆக மூன்று பொருள்கள், 5 வழிகள். ஐந்தாவதாகப் பழைய பாலகாட் சுரங்கத்தையும் சேர்த்தால் மொத்தம் 52 ஆகும். ஊரிகமும் சாம்பியன் ரீஃபும் சேர்ந்திருப்பவை, முன்பு நான்கு பொருள்களுக்கு எண்ணிய அதே 15.